நூறு முறை துள்ளும் தட்டு

தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுகிறார்கள். குழாயை இறக்கி, வெட்டிய மண்ணையே தள்ளி மூடி, மேலே கான்கிரீட் ஒட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று அடித்ததும் அந்தக் கோடு மட்டும் உள்வாங்குகிறது. பைக்கின் முன்சக்கரம் அதில் இறங்கி ஏறும்போதெல்லாம் நமக்குக் கோபம் வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. எடுத்த மண்ணைத்தானே திரும்பப் போட்டார்கள்? பள்ளத்தை மூடிய அன்று மண் மிச்சமாகி ஓரத்தில் குவிந்துகூடக் கிடந்ததே! மிச்சமான மண் எப்படிப் பிறகு பற்றாமல் போனது?

மண்ணுக்குள் இருக்கும் காற்று

ஒரு கூடை மண்ணில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மண் இருக்கிறது. மீதி, மணிகளுக்கு இடையில் உள்ள இடைவெளி. அதில் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்பு அந்த மண் பல காலம் மழையும் வெயிலும் மேலே போகும் பாரமும் பட்டு அடங்கிக் கிடந்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் அதைக் கலைத்தபோது இடைவெளிகள் பெருகி, மண் உப்பிக்கொண்டது. ஓரத்தில் குவிந்து கிடந்த மிச்சத்தில் குழாய் அடைத்த இடத்துக்கு உரியது கொஞ்சம். மற்றது பெரும்பாலும் காற்று.

மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்போது மணிகள் ஒன்றையொன்று தாங்கி நின்ற பிடி தளர்கிறது. அவை நகர்ந்து காலி இடங்களில் உட்காருகின்றன. மேலே இருக்கும் ஒட்டுக்கு அடியில் வெற்றிடம் விழுகிறது. அடுத்த தண்ணீர் லாரி அந்த ஒட்டை உடைக்கிறது.

படியில் நெல் அளப்பவர்கள் ஒரு குலுக்குக் குலுக்கினால் இன்னும் ஒரு பிடி நெல் உள்ளே போகும். மேலிருந்து கையால் அழுத்தினால் அந்த அளவுக்குப் போகாது. மண்ணை அடக்கும் வேலையின் அடிப்படை இந்தக் குலுக்கல்தான். இதை இந்த அத்தியாயத்தில் 'கெட்டிப்படுத்தல்' என்று சொல்வோம். பள்ளங்களிலும் பேவர் பிளாக் தரைகளிலும் இதற்கு இன்று பயன்படுவது பிளேட் கம்பாக்டர். கீழே கனத்த இரும்புத் தட்டு, மேலே சிறிய பெட்ரோல் எஞ்சின், பின்னால் நீண்ட கைப்பிடி. அவ்வளவுதான் அதன் உடம்பு.

காலடியைவிட லேசு

பரவலாக வாடகைக்குக் கிடைக்கும் கம்பாக்டரின் எடை 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தட்டு மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர். எஞ்சினை அணைத்து நிறுத்தி வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அது தரும் அழுத்தம் 45 கிராம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு காலிலும் வெறுங்காலோடு நின்றால் 200 கிராமுக்கு மேல் வரும். சும்மா நிற்கும் இயந்திரம் நம் காலடியைவிட லேசாகத்தான் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஆள் மிதித்து அடங்காத மண்ணை இது எப்படி அடக்குகிறது?

தட்டின் மேல் ஒரு மூடிய பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு தண்டு. அந்தத் தண்டில் எடை ஒருபக்கமாகச் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது. இதை ஒருபக்க எடை என்போம். எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகத் தண்டு சுழலும்போது அந்த எடை, தான் போகும் பக்கமெல்லாம் இயந்திரத்தையும் இழுக்கிறது. கீழே வரும்போது தட்டை மண்ணில் அறைகிறது, மேலே போகும்போது தட்டைத் தூக்குகிறது. இந்த இழுப்புக்கு மைய விலக்கு விசை என்று பெயர். 90 கிலோ இயந்திரத்தில் அது சுமார் ஒன்றரை டன் எடைக்கு நிகராக இருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,000 சுற்று, அதாவது நொடிக்கு 100 அறை.

அறையின் பலத்தைவிட முக்கியமானது அந்த நடுக்கத்தில் மணிகளுக்கு நேர்வது. ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருந்தவை கணநேரம் பிடியை விடுகின்றன. பிடி விட்ட மணிக்குக் கீழே ஓர் இடுக்கு இருந்தால் அதில் போய் உட்கார்ந்துவிடும். மணலும் ஜல்லித்தூளும் கிராவலும் இதற்கு உடனே இணங்கும். களிமண் இணங்காது. அதன் துகள்கள் ஈரத்தால் ஒட்டிக்கொண்டிருப்பதால் நடுக்கம் அவற்றைப் பிரிப்பதில்லை. கரிசலிலும் களியிலும் தட்டை ஓட்டிக்கொண்டிருப்பது பெட்ரோலுக்குக் கேடு. அங்கே சிறிய பாதத்தால் உயரக் குதித்து இடிக்கும் ராம்மர் என்ற இயந்திரம் வேண்டும்.

அது தானாகவே நடக்கும்

புதிதாகக் கைப்பிடியைப் பிடிப்பவர் செய்யும் முதல் வேலை, இயந்திரத்தைத் தள்ளுவது. அடுத்தது, மேலே சாய்ந்து அழுத்துவது. இரண்டுமே தேவையில்லை. ஒரே திசையில் ஓடும் கம்பாக்டரில் ஒருபக்க எடை இருக்கும் பெட்டி தட்டின் முன்பாதியில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முன்பக்கம் எழும்பி, சில மில்லிமீட்டர் தள்ளி இறங்குகிறது. நொடிக்கு நூறு சிறு துள்ளல்கள் சேர்ந்து நடையாகின்றன. ஓட்டுபவரின் வேலை திசை காட்டுவது மட்டும். கைப்பிடியை அழுத்தினால் தட்டின் முன்பகுதி எழும்பி மண்ணில் படும் பரப்பு குறையும், நடையும் கெடும். "விட்டுப் பிடி தம்பி, அதுவே போகும்" என்று அனுபவப்பட்ட மேஸ்திரி சொல்வது சரியான இயற்பியல்.

ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்து ஓட்டுவதும் பரவலாக நடக்கிறது. சத்தம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும் என்ற எண்ணம். மைய விலக்கு விசையோ வேகத்தின் இருமடிப்படி மாறுவது. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். ஒன்றரை டன் அறை 375 கிலோவாகச் சுருங்கும். எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கிளட்ச் குறைந்த வேகத்தில் அரைகுறையாகப் பிடித்து வழுக்கி, சூடேறித் தேயவும் செய்யும். ஆகவே இந்த இயந்திரத்துக்கு இரண்டே நிலைகள்: நிற்கும்போது மெதுவோட்டம், வேலை செய்யும்போது முழுவேகம். கயிற்றை இழுத்துக் கிளப்பும்போது ஆக்சிலேட்டர் மெதுவோட்டத்தில் இருக்க வேண்டும். முழுவேகத்தில் வைத்து இழுத்தால் எஞ்சின் பற்றிய கணமே கிளட்சும் பிடித்து, கைப்பிடியில் யாரும் இல்லாத இயந்திரம் நடக்கத் தொடங்கிவிடும்.

எவ்வளவு ஈரம்?

1928இல் கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு மாற்றாக லாஸ் ஏஞ்சலஸ் நகரக் குடிநீர்த் துறை மண் அணைகளைக் கட்டியபோது அந்தப் பணியில் இருந்த பொறியாளர் ரால்ஃப் ப்ராக்டர். கொட்டும் மண்ணை எப்போது போதுமான அளவுக்குக் கெட்டிப்பட்டது என்று சொல்வது? 1933இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் விடை இருந்தது. வறண்ட மண் அடங்க மறுக்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் மணிகள் வழுக்கி நெருங்குகின்றன. மேலும் சேர்த்தால் மணி போக வேண்டிய இடுக்கைத் தண்ணீரே அடைத்துக்கொள்கிறது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த ஈரத்தில்தான் மண் அதிகபட்சம் அடங்கும். இந்திய ஆய்வுக்கூடங்களில் இன்றும் ஒரு லிட்டர் உருளையில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, 2.6 கிலோ சுத்தியலை 31 செ.மீ. உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 முறை விழவைத்து இந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேலையிடத்தில் ஆய்வுக்கூடம் இருக்காது; கை இருக்கிறது. ஒரு பிடி மண்ணை இறுகப் பிடித்துத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உருண்டையே நிற்காவிட்டால் தண்ணீர் போதாது. கீழே விழுந்து உடையாமல் சப்பையானால், கையில் ஈரம் ஒட்டினால், தண்ணீர் கூடிவிட்டது, காயவிட வேண்டும்.

இந்த ஈரம் நுரையீரலையும் காக்கிறது. எம்-சாண்ட் என்பது பெரும்பாலும் உடைத்த கருங்கல். வறண்ட தூளை நொடிக்கு நூறு முறை அறைந்தால் எழும் புழுதியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கிறது. உள்ளே போன சிலிக்கா வெளியே வராது, நுரையீரலில் வடு விழும். மண் சரியான ஈரத்தில் இருந்தால் புழுதி மிகவும் குறையும்.

பத்து மீட்டர் பள்ளம்

நம் தெருப் பள்ளத்துக்கே வருவோம். நீளம் 10 மீட்டர், அகலம் 60 செ.மீ., ஆழம் 120 செ.மீ. அடியில் 10 செ.மீ. மணல் மெத்தை, அதன் மேல் 16 செ.மீ. பி.வி.சி. குழாய், குழாய்க்கு மேல் 34 செ.மீ. மண். இந்த 60 செ.மீ. வரை இயந்திரத்தை இறக்கவே கூடாது. கைத்திமிசால் குழாயின் இருபக்கமும் மாற்றி மாற்றி இடிக்க வேண்டும். குழாய்க்கு மேல் குறைந்தது 30 செ.மீ. மண் இல்லாமல் கம்பாக்டரை ஓட்டினால், அடக்கப்படுவது குழாயாகவும் இருக்கலாம்.

மீதி 60 செ.மீ. இயந்திரத்தின் பங்கு. தட்டின் அறை மேலே பலமாகவும் ஆழம் போகப் போக வேகமாகத் தேய்ந்தும் இறங்குகிறது. இந்த அளவு இயந்திரத்துக்கு உதிரி மண் 15 செ.மீ. கனம் போதும். அது அடங்கி 12 செ.மீ. ஆகும். ஆக, 60 செ.மீ. நிரம்ப ஐந்து அடுக்கு வேண்டும்.

தட்டின் அகலம் 50 செ.மீ.; பள்ளமோ 60. இடது ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை, வலது ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை. வரிசைக்கு நான்கு முறை ஓட்டினால் மொத்தம் எட்டு ஓட்டம், 80 மீட்டர் நடை. நிமிடத்துக்கு 20 மீட்டர் நடக்கும் இயந்திரத்துக்கு இது 4 நிமிடம். ஐந்து அடுக்குக்கும் 20 நிமிடம். அந்த வேகத்தில் ஒவ்வோர் அறைக்கும் தட்டு நகர்வது சுமார் 3 மில்லிமீட்டர். 40 செ.மீ. நீளத் தட்டு கடந்து போவதற்குள் மண்ணின் ஒவ்வொரு புள்ளிக்கும் 120 அறை விழுந்துவிடும். நான்கு ஓட்டத்தில் 480.

இனி, நடைமுறையில் நடப்பதைப் பார்ப்போம். 75 செ.மீ. உதிரி மண்ணையும் ஒரே மூச்சில் தள்ளி, மேலே மட்டும் வரிசைக்கு நான்கு ஓட்டம் ஓட்டுகிறார்கள். மேலடுக்கு பலகைபோல ஆகிவிடுகிறது. காலால் தட்டிப் பார்த்தால் உறுதி. அதன் கீழே 60 செ.மீ. உதிரி மண் 12 செ.மீ. இறங்கக் காத்திருக்கிறது. அதில் பாதி இறங்கினாலே 6 செ.மீ. பள்ளம். மிச்சம் பிடித்தது 16 நிமிட ஓட்டமும் கொஞ்சம் பெட்ரோலும். அதற்கு அந்தத் தெரு முழுவதும் ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறது.

நான்குக்கு மேல் ஓட்டினால் இன்னும் நல்லதா? அடங்கிவிட்ட மண் தட்டைத் திருப்பி எறியத் தொடங்கும். சத்தம் மாறிக் கணீரென்று ஒலிக்கும், கைப்பிடி முரட்டுத்தனமாக உதறும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். மேலும் ஓட்டினால் மேல்மணிகள் உடைந்து தளரும். மண் வாங்காத அடி முழுவதும் இயந்திரத்துக்கும் பிடித்திருப்பவருக்கும் திரும்பி வரும். கான்கிரீட் தரையில் கம்பாக்டரை ஓட்டி இடம் மாற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

கைக்குள் போகும் நடுக்கம்

எஞ்சினும் கைப்பிடியும் தட்டோடு நேராகப் பூட்டப்படுவதில்லை. இடையில் ரப்பர்க் கட்டைகள் இருக்கின்றன. நடுக்கத்தின் பெரும்பகுதியை அவை தின்றுவிடுகின்றன. ரப்பர் கிழிந்தாலோ போல்ட் கழன்றாலோ நடுக்கம் முழுசாக மேலே வரும். வாடகை இயந்திரத்தில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

1862இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நிலையை விவரித்தார். 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு பகுதியில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் கைகளை ஆராய்ந்தார். காலைக் குளிரில் அவர்களின் விரல்கள் வெளுத்து உணர்வற்றுப் போயின. அதைக் கருவியின் நடுக்கத்தோடு அவர் தொடர்புபடுத்தினார். தொடர்ந்து பாயும் அதிர்வு விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது.

நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அபூர்வம். இதனாலேயே இந்த நோய் நம்மிடம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இங்கே முதலில் வருவது குத்தலும் மரப்பும். இரவில் கையில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறும், டம்ளர் நழுவும். வேலை அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே நடுக்க வேலையைக் குறைத்தால் மேலும் கெடாமல் காக்கலாம். முற்றிவிட்டால் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை.

கைப்பிடி எவ்வளவு கடுமையாகத் திசை மாறுகிறது என்பதை முடுக்கம் என்ற அளவால் குறிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரி 2.5 மீ/நொடி²-ஐ எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. இங்கும் அந்த இருமடிக் கணக்கு வருகிறது. நடுக்கம் இரண்டு மடங்கானால் அனுமதிக்கும் நேரம் நான்கில் ஒரு பங்காகும். கைப்பிடியில் 5 உள்ள இயந்திரத்தை 8 மணி நேரம் பிடிக்கலாம். 10 என்றால் 2 மணி நேரம். 20 என்றால் அரை மணி.

நம் பள்ளத்தில் ஓடியது 10 அளவுள்ள இயந்திரம் என்று கொள்வோம். பத்து மீட்டருக்கு 20 நிமிடம். 15 மீட்டர் முடியும்போது 30 நிமிடம் ஆகி, முதல் எச்சரிக்கைக் கோடு வந்துவிடும். 60 மீட்டரில் இரண்டு மணி நேரம் தீர்ந்து, அந்த ஆளின் அன்றைய பங்கு முடிந்துவிடும். கம்பாக்டருக்கென்று ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்துவதுதான் இங்கே வழக்கம். அவருக்கு நாமே நோயைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு நடுக்கம் எலும்புக்குள் போகும். ஆகவே தளர்ந்த பிடி, மடங்கிய முழங்கை. கையுறை சூட்டிலிருந்தும் சிராய்ப்பிலிருந்தும் காக்கும். நடுக்கத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. உண்மையான பாதுகாப்பு ஆள் மாறுவதுதான்.

புகையும் பெல்ட்டும் பாதமும்

பெட்ரோல் எஞ்சின் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு மணமும் நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆழமான, குறுகலான பள்ளத்தில் குனிந்து ஓட்டுபவரின் மூக்கும் புகைக்குழாயும் ஒரே காற்றைப் பகிர்கின்றன. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கால் தள்ளாட்டம். தானே ஏறி வெளியே வர வேண்டும் என்ற நினைவே மங்கிவிடும். அடித்தளம், சம்ப், மூடிய அறை எதிலும் பெட்ரோல் கம்பாக்டர் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பாய்ந்து இறங்குவதும் கூடாது. செப்டிக் டேங்க் சாவுகளில் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த இரண்டாவது மரணத்தை.

பள்ளத்தின் சுவரையும் அதே அதிர்வு தளர்த்துகிறது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்புவரை புதைந்தவரையே கையால் இழுத்து எடுக்க முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. வெட்டிய மண்ணையும் வண்டியையும் விளிம்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஆழம் குறைந்த பள்ளத்திலும் சுவரில் விரிசல் தெரிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே வர வேண்டும்.

தண்ணீர் தெளிக்கவும் கல் பொறுக்கவும் பெரும்பாலும் ஒரு சித்தாள் பக்கத்தில் நிற்பார். சேலைத் தலைப்பு, துண்டு, துப்பட்டா எதுவானாலும் பெல்ட்டுக்கு ஒன்றுதான். பெல்ட் மாற்றும்போது கழற்றிய இரும்பு மூடியைத் திரும்பப் போடாமல் ஓட்டுவது கொடிய பழக்கம். ஓடும்போது இரண்டு மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. தண்ணீரை எஞ்சின் நின்ற பிறகு தெளிக்கலாம்.

செருப்போடு ஓட்டுபவரின் கட்டைவிரல் ஆபத்தில் இருப்பது முன்னோக்கி நடக்கும்போதல்ல, இயந்திரத்தைத் தன் பக்கம் இழுக்கும்போது. இரும்பு மூக்குள்ள ஷூ இதற்குத்தான். பின்னோக்கியும் ஓடும் பெரிய கம்பாக்டரில் ஆபத்து கூடுதல்: முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் கைப்பிடி வயிற்றில் அழுத்திவிடும். சரிவில் இயந்திரத்துக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது.

ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கும் என்றால் சத்தம் சுமார் 90 டெசிபல். காதடைப்பான் இல்லாமல் அதில் நாள் முழுதும் நிற்பவர் பிற்காலத்தில் பேரக்குழந்தையின் பேச்சைக் கேட்கத் தடுமாறுவார். பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து, கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, மூடியுள்ள கேனிலிருந்து ஊற்றலாம். 90 கிலோவை ஒருவர் தூக்கக் கூடாது.

கணக்கில் ஒரு பத்தி

முடிந்த வேலையைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடங்கிய அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு அதன் ஈரத்தையும் அளக்கிறார்கள். அடர்த்தி தெரிந்த உலர் மணலை அந்தக் குழியில் நிரப்பி, செலவான மணலின் எடையிலிருந்து குழியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஈரத்தைக் கழித்து வரும் அடர்த்தி, ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அதிகபட்சத்தில் 95 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் செய்ய வேண்டிய சோதனை இது. மேலடுக்கில் மட்டும் செய்தால் நம் தெருப் பள்ளமும் தேறிவிடும்.

மண்ணுக்கு இவ்வளவு நுட்பமான சோதனை இருக்கும்போது கைப்பிடி பிடித்தவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். சிமென்ட் மூட்டையும் பெட்ரோல் லிட்டரும் எழுதும் அதே நோட்டில் ஒரு பத்தி கூட்டினால் போதும்: யார், எத்தனை நிமிடம் ஓட்டினார். பத்து மீட்டர் முடிந்ததும் ஆள் மாறட்டும். ஓட்டியவர் அடுத்த அடுக்குக்கு மண் தள்ளட்டும், தள்ளியவர் கைப்பிடிக்கு வரட்டும். அந்த வரிசையில் இருவர் இருந்தால் 120 மீட்டர் பள்ளம் வரை எவருக்கும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. நான்கு பேர் என்றால் 40 மீட்டர் வரை முதல் எச்சரிக்கைக் கோட்டையே யாரும் கடக்க வேண்டியதில்லை.